ஊர் வரைக்கும் வந்த கம்பி

இந்தியக் கிராமத்துக்கு எது வந்தாலும் முதலில் ஊருக்குத்தான் வரும். சேரிக்கு வருவது பிறகு. பல சமயம் வராமலே போகும். கிணறு அப்படித்தான், தார்ச்சாலை அப்படித்தான், தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் அப்படித்தான். 1927 மார்ச் 20-இல் மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது, அந்தக் குளம் காகிதத்தில் எல்லோருக்கும் ஏற்கனவே திறந்துவிடப்பட்டிருந்தது. நகராட்சி தீர்மானமே போட்டிருந்தது. தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றது சாதி. இன்றைக்கு வீட்டுக்கு வீடு இணையம் என்கிறார்கள். அந்தத் தீர்மானத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

'கஞ்சிக்கே வழியில்லாத சனத்துக்கு இன்டர்நெட் ஒரு கேடா?' என்று கேட்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் எதற்கு என்று ஒரு காலத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள். சாதிச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பம், கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசுத் தேர்வுக்கும் இணையத்தில் விண்ணப்பம். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையின் வருகைப்பதிவையே செல்போன் செயலிக்குள் கொண்டுபோனார்கள். சிக்னல் இல்லையென்றால் வெயிலில் மண் வெட்டியவளுக்கு ஆஜர் இல்லை. கஞ்சிக்கான வழியே கம்பிக்குள் போய்விட்ட காலம் இது. இணையத்தை ஆடம்பரம் என்று சொல்லிச் சேரியைத் தள்ளிவைப்பது பழைய தள்ளிவைப்பின் புதுப்பெயர்.

நமக்கு ஊடகம் அந்நியமும் அல்ல. ரெட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். ஒரு பைசாவுக்கு ஒரு இதழ்! வாங்க முடியாதவனையும் வாசகனாக்க வேண்டும் என்ற கணக்கு அந்த விலையிலேயே இருக்கிறது. செய்தி போய்ச் சேருகிற பாதை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை நம் முன்னோர் நூறு வருசத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்கள்.

இனி கம்பியின் வரலாற்றுக்கு வருவோம்.

1984-இல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிறுவனம் அது. குளிர்சாதன அறை இல்லாமலே புழுதியிலும் வெயிலிலும் ஓடக்கூடிய 128 இணைப்புகள் கொண்ட கிராமத் தொலைபேசி நிலையத்தை அவர்கள் உருவாக்கினார்கள். 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலாவது நிலையம் வந்தது. நல்ல பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் அந்த 128 இணைப்பு யார் யார் வீட்டுக்குப் போகும் என்பதைப் பொறியாளர் முடிவுசெய்வதில்லை. வைப்புத்தொகை கட்ட முடிந்தவன், கம்பம் நட இடம் இருப்பவன், அலுவலகத்தில் ஆள் தெரிந்தவன் ஆகியோரே முடிவுசெய்தார்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் எங்க ஊருக்குப் பொதுத் தொலைபேசி வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அது இருந்தது ஊர்த்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில். பெங்களூரில் கட்டட வேலை பார்த்த எங்க சித்தப்பா அதற்குத்தான் போன் போடுவார். கடைக்காரர் ஆள் அனுப்பமாட்டார். அந்தப் பக்கமாக மாடு ஓட்டிவருகிற எங்க பசங்களிடம், 'டேய், காலனிக்கு போன் வந்துச்சின்னு சொல்லு' என்பார். சித்தி ஓடிப்போய் வாசலில் நிற்பாள். ரிசீவரை உள்ளேயிருந்து நீட்டுவார்கள். வயர் எட்டுகிற தூரத்துக்குக் கழுத்தை நீட்டி அவள் பேசுவாள். புருசனிடம் பேசுகிற பேச்சைத் தெருவே கேட்கும். 'கிராமத்துக்குத் தொலைபேசி வசதி செய்யப்பட்டது' என்று அரசின் கணக்கில் எங்க ஊரும் சேர்ந்திருக்கும். கணக்கு பொய்யில்லை. அந்தக் கணக்கில் வாசற்படி இல்லை, அவ்வளவுதான்.

1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சுதந்திர நாளில் திறந்த அந்த இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. வீட்டில் தொலைபேசி இருந்தால்தான் இணையம். ஆகவே முதல் பத்து வருசம் சேரிக்கு இந்தக் கேள்வியே எழவில்லை.

கிராமத்துக்கு இணையம் என்று முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் இரண்டு நம் மண்ணில் இருக்கின்றன. ஒன்று புதுச்சேரி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமங்கள் திட்டத்தைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். எல்லாச் சாதியாரும் வரக்கூடிய பொது இடத்தில்தான் மையம் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் நிபந்தனை. அப்படி ஒரு நிபந்தனையை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று மதுரை மாவட்டத்து மேலூர். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தது. கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரை, பார்வைக்குத் தடையில்லாத இடத்துக்குத் தொலைபேசியும் இணையமும் தரலாம். 2001-இல் என்-லாக் நிறுவனம் இதை வைத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தது. பிறப்புச் சான்றிதழுக்கு மனு, அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படம் அனுப்புவது என்று வேலைகள் நடந்தன. உலகப் பல்கலைக்கழகங்கள் வந்து பார்த்தன.

மேலூர் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு. 1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்த நாள். தலித் ஒருவர் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் கொலை. அந்த ரத்தம் காய்ந்து நாலு வருசத்தில் அதே வட்டாரத்தில் இணைய மையம். அதில் போய் உட்காரும் நாற்காலி மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுமா?

இந்தத் திட்டத்தை ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் 2006-இல் எழுதியது நாம் படிக்க வேண்டிய ஒன்று. மையத்துக்கு வந்தவர்கள் ஊரின் ஒரு சிறு பகுதியினர்தான். ஆனால் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குப் பக்கத்தில் மையம் இருந்தால் அம்மக்களின் பயன்பாடு கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. நம்ம ஆயா ஒரே வரியில் சொல்லியிருப்பாள்: 'எங்க தெருவுல வச்சா நாங்க வருவோம்.' சில ஆண்டுகளில் மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

அந்தத் தொழில்நுட்பத்துக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. ஆண்டெனாவை உயரத்தில் வைக்க வேண்டும். ஊரில் உயரமான மாடி யாருடையது? குடிசைக்கு ஒரு விளக்கு எரியும் அளவுக்கு இலவச மின்சாரம் பெற்ற கூரை வீட்டின் மேல் எதை நிறுத்துவது?

பிறகு செம்புக் கம்பி அகலப்பட்டை வந்தது. 2004-இல் மத்திய அரசின் கொள்கை விநாடிக்கு 256 கிலோபிட் என்று அகலப்பட்டைக்கு இலக்கணம் வகுத்தது. 2005-இல் பி.எஸ்.என்.எல். சேவையைத் தொடங்கியது. செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் குறையும். தொலைபேசி நிலையத்திலிருந்து மூன்று நாலு கிலோமீட்டர் தாண்டினால் தடுமாறும். ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சேரிக்குத் 'தூரம்' என்று ஒரு காரணம் கிடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராமத்து வீடுகளில் இணையத்தோடு கணினி வைத்திருந்தவை 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அதே 2011-இல்தான் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி இழுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்துக்கு. கம்பி எங்கே வந்து நிற்கும்? ஊராட்சி மன்ற அலுவலகத்தில். அலுவலகம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஊருக்குள். அங்கிருந்து வீட்டுக்கு இழுப்பது வேறு ஆள் பொறுப்பு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி போகிறது. ஒரு நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரே இழையைப் பிரித்து 32 வீட்டுக்கு, 64 வீட்டுக்குக் கொடுக்கலாம். 20 கிலோமீட்டர் வரைக்கும் இது வேலை செய்யும். அப்படியானால் ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள அரை கிலோமீட்டர் ஒரு தூரமே அல்ல. செம்புக் கம்பி காலத்தில் 'தூரம்' என்று சொன்னதில் கொஞ்சமாவது உண்மை இருந்தது. இப்போது அந்தச் சாக்கும் செத்துப்போனது. தொழில்நுட்பம் ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஒரு இயற்கைக் காரணம் விழுகிறது. எல்லாக் காரணமும் விழுந்த பிறகும் கம்பி வரவில்லையென்றால், மிச்சமிருக்கும் காரணத்துக்கு ஒரே பெயர்தான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் எங்க காலனிக்கு இழைக் கம்பி கேட்டு ஒரு கம்பெனிக்காரரிடம் போனேன். ஊர்த்தெருவின் கடைசி மின்கம்பம் வரை அவர்கள் கம்பி வந்திருந்தது.

'காலனிக்கு லைன் இழுத்தா கட்டுப்படியாவாது தம்பி. மாசா மாசம் பணம் வராது.'

'ஊர்த்தெருவுல எத்தனை வீடுண்ணே?'

'பதினாலு.'

'நாங்க இருபத்தோரு வீடு கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்திருக்கோம்.'

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். 'ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்' என்றார். இன்றுவரை சொல்லவில்லை. பதினாலு கட்டுப்படியாகிறது, இருபத்தொன்று கட்டுப்படியாகவில்லை. இது எந்த ஊர்க் கணக்கு?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. செல்போனில் இணையம் மலிவானது. சேரி இளைஞர்கள் கையில் இணையம் வந்தது அப்போதுதான். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காற்றுக்குத் தெரு தெரியாது. ஆனால் கைபேசி இணையம் ஒரு ஆளுக்கு. வீட்டு இணையம் குடும்பத்துக்கு. அப்பன் வேலைக்குப் போகும்போது போனும் போய்விடும். பிள்ளைக்குப் பாடம் இருக்காது. 2020-இல் பள்ளிகளை மூடியபோது இது பட்டவர்த்தனமானது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமத்து வீடுகளில் இணைய வசதி 14.9 சதவீதம், கணினி 4.4 சதவீதம். இந்த நாட்டில்தான் 'ஆன்லைனில் படி' என்றார்கள். 2020 ஜூன் 1, கேரளத்தில் இணைய வழி வகுப்பு தொடங்கிய நாள். மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி உயிரை விட்டாள். வீட்டுத் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை, வகுப்பைப் பார்க்க முடியவில்லை என்று மனமுடைந்திருந்தாள் என்றார்கள் குடும்பத்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் அதே கேரளத்து உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று ஒரு மாணவியின் வழக்கில் சொல்லியிருந்தது. மகாத் நகராட்சியின் தீர்மானம் நினைவுக்கு வரவில்லையா?

இன்று கிராமத்து வீட்டுக்கு உள்ள வழிகளைச் சுருக்கிச் சொன்னால் இவைதான். இழைக் கம்பி: வேகமும் நம்பகமும் அதிகம், தெருவுக்குக் கம்பி வந்தாக வேண்டும். கைபேசி சிம்மைப் போட்டு வீட்டுக்குள் வைஃபை தரும் ரூட்டர்: கம்பி வேண்டாம், கோபுரம் பக்கத்தில் இருக்க வேண்டும். 2023 முதல் வந்திருக்கும் 5ஜி வீட்டு இணைப்பு: கூரைமேல் ஒரு கருவி, நிறுவனம் அந்தப் பகுதியில் சேவை தந்தால்தான் உண்டு. 2020 டிசம்பரில் அனுமதிக்கப்பட்ட பி.எம்.-வாணி திட்டம்: சிறு கடைக்காரர் உரிமம் இல்லாமலே வைஃபை விற்கலாம், காலனியில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காகூடச் செய்யலாம். கடைசியாகச் செயற்கைக்கோள்: ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025-இல் உரிமம் கொடுக்கப்பட்டது. வானம் பொதுதான், அதைப் பிடிக்கிற தட்டுக்கு விலை உண்டு.

தனித்தனியாக வாங்கிக்கொள் என்பது சந்தையின் பதில். அது நமக்குப் பாதி பதில்தான். 2023 ஆகஸ்டில் பாரத்நெட்டை விரிவாக்கி, ஊராட்சித் தலைமைக் கிராமத்தைத் தாண்டிய மற்ற கிராமங்களுக்கும் கேட்டால் கம்பி தருவோம் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய். 'கேட்டால்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. அங்கே போய்க் கேட்போம்: ஊராட்சிக்கு வந்த கம்பி இப்போது வேலை செய்கிறதா? எத்தனை இணைப்பு கொடுத்தீர்கள்? எந்தத் தெருவுக்கு? காலனி அங்கன்வாடிக்கும் சமுதாயக்கூடத்துக்கும் ஏன் இல்லை? பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம். எழுதாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். தெருவாரியாக இணைப்புக் கணக்கு கைக்கு வந்தாலே போதும், அது ஒரு வரைபடம். ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது என்பதை அரசே வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வரைபடம்.

கம்பி யார் நிலத்தில் போகிறது, எந்தக் கம்பத்தில் நிற்கிறது, யார் வாசலில் முடிகிறது என்பதை எழுதிவைப்பதும் தலித் வரலாறுதான். அவரவர் ஊர்க் கம்பி எந்தக் கம்பத்தோடு நின்றது என்று தோழர்கள் எழுதி அனுப்புங்கள்.