வாடகைக்கு வரம்பு கட்டிய மங்கையர்

ஆண்டு 1915. ஐரோப்பாவிலே பெரும்போர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கப்பல் தளங்களும் படைக்கலத் தொழிற்சாலைகளும் இரவு பகலாய் இயங்கின. வேலை தேடி வந்தோர் பலப்பலர், வீடுகளோ சில. கணவன் களத்திலே, மனைவி கண்ணீரிலே, வீட்டுக்காரரோ வாடகையை ஏற்றுவதிலே!

விதியென்று வீழ்ந்து கிடந்தனரா? இல்லை! கப்பல் தொழிலாளியின் மனைவி மேரி பார்பர் போன்றோர் முன்னின்றனர். உயர்த்திய வாடகையைத் தர மறுத்தனர் பெண்கள். வெளியேற்ற வந்த அமீனாக்களை, மணியடித்துத் திரண்டு, மாவை வீசி விரட்டினர். ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் மறுப்பிலே இணைந்தன.

நவம்பர் 17 அன்று 18 பேர் மீது வழக்கு. வேலையை விட்டு வந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நீதிமன்றத்தைச் சூழ்ந்தனர். வழக்கு கைவிடப்பட்டது. டிசம்பரிலே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று: சிறு வீடுகளின் வாடகை 1914 ஆகஸ்டு அளவைத் தாண்டலாகாது, வாடகை செலுத்துவோரைத் தக்க காரணமின்றி வெளியேற்றலாகாது.

ஆள்வோரின் அருட்கொடையா அது? அல்ல, அடுப்பங்கரையில் எழுந்த அறப்போரின் விளைவு! ஆயினும் 1988இல் இயற்றிய சட்டங்கள், புதிதாகக் குடிவருவோர்க்கு அந்தக் கட்டுப்பாட்டை அகற்றின. பெற்ற உரிமையும் பறிபோகும் என்பதை நாம் மறக்கலாமா? வாங்கியதோடு நம் வேலை முடிவதில்லை. காப்பதும் நம் கடனே!