வேம்பின் சாட்சியம்

மஞ்சக்குட்டை மலைச்சரிவில், காப்பிச் செடிகளின் நடுவே சிறு வீட்டுத் தோட்டங்கள் உண்டு. அந்தி வேளையில் அவ்வழியே செல்லும் நம்மைச் சில நாள்களில் ஒரு கசப்பு மணம் எதிர்கொள்ளும். அது வேப்பெண்ணெயின் மணம். வேம்பு வெப்பச் சமவெளியின் மரம். ஆதலால் எண்ணெயும் பிண்ணாக்கும் கீழிருந்தே மலையேறி வருகின்றன. ஒரு லிட்டர் நீருக்கு 30 மி.லி. எண்ணெய், நீரோடு கலப்பதற்காகச் சிறிது சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளித்தல். முறை இவ்வளவே. ஆயினும் இத்தகைய எளிய முறையைக் குறித்து ஐரோப்பாவில் பத்தாண்டு வழக்கு நடந்தது.

சேர்வராயன் மலையில் 1820களில், சேலம் ஆட்சியர் எம். டி. காக்பர்ன் காலத்தில் காப்பி வேரூன்றியது. 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அது தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. 1885இல் பிரான்சின் மில்லார்தே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையின் பயனை எழுதி வெளியிட்டார். அச்சேறிய அவ்வறிவு அவர் பெயரோடு உலகெங்கும் பரவியது. நம் உழவர்களின் வேம்பறிவோ கையிலும் நாவிலும் மட்டுமே வாழ்ந்தது.

அவ்வறிவு வெறும் நம்பிக்கையன்று. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சியின் பசியை அது தடுக்கிறது. தோலுரித்து வளர்வதையும் குலைக்கிறது. எண்ணெயோ மெல்லுடல் பூச்சிகளை மூச்சடைக்கச் செய்கிறது. இலைமேல் படலமாகி, சாம்பல் நோய் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் முளைப்பதையும் தடுக்கிறது.

இந்நிலையில், வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. 1995இல் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்ப்பு மனு அளித்தனர். இந்தியத் தொழில் முனைவர் அபய் பட்கே, 1980களின் நடுவிலேயே மகாராட்டிர வயல்களில் இத்தகைய மருந்தைப் பயன்படுத்திச் சோதித்ததாக மியூனிக் நகரில் சாட்சியம் அளித்தார். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தாயிற்று. 2005 மார்ச் 8 அன்று மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

வெற்றியைக் கொண்டாடும் நாம் ஒன்றை மறத்தலாகாது. அந்நாளைய அமெரிக்கச் சட்டம், பிற நாடுகளின் வாய்மொழி வழக்கை முன்னறிவாக ஏற்கவில்லை. அச்சிட்ட சான்றையே கேட்டது. எழுதப்படாத அறிவு, அங்கே இல்லாத அறிவாகவே எண்ணப்பட்டது.

வேப்பெண்ணெய் சர்வரோக நிவாரணியன்று. நோய் முற்றியபின் அதன் வலிமை குறைவு. சுடுவெயிலில் தெளித்தால் இலை கருகும். மழை பெய்தால் மீண்டும் தெளிக்க வேண்டும். இவ்வரையறைகளையும் மூத்தோர் அறிவர். எந்தப் பூச்சிக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்பதை அவர்களிடம் கேட்டு, நாள் குறித்து எழுதி வைப்போம். காப்புரிமை கேட்பதற்காக அன்று. எவரும் அதைத் தமதென்று பூட்டி வைக்காதிருப்பதற்காக. ஒரு பள்ளிக் குறிப்பேடும் நாளை சாட்சியாக நிற்கக்கூடும்.