தாம்பரம் சானடோரியமும் எங்கள் வீட்டுத் திண்ணையும்

சென்னை மின்சார ரயிலில் போகிற எல்லோருக்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர் பழக்கம். அது ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நோயின் கதை இருக்கிறது. 1928-இல் சவுரி முத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். கூலிக்குப் போகிறவர் வீட்டில் அதுவரை அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு அந்த வைத்தியத்தில் பதில் இல்லை.

நான் அதற்கு நேர் எதிர்த்திசையில், வடக்கே கும்மிடிப்பூண்டியில் வளர்ந்தவன். 1994-இல் அப்பாவுக்கு இருமல் வந்தது. சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் அவர் காண்டிராக்ட் ஆள். காய்ச்சிய இரும்புக்கு முன்னால் நிற்கிறவருக்கு இருமல் ஒரு நோயாகவே தெரியவில்லை. "புகை உள்ள போயிருக்கும், சரியாயிடும்" என்பார். மூன்று மாதம் சிரப் குடித்தார். நாலாவது மாதம் ரத்தம் வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் தனியார் டாக்டர், எக்ஸ்ரே, ஊசி, டானிக் என்று கையிருப்பு தீர்ந்திருந்தது. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பத்து வட்டிக்குக் கடன் வந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஒன்று இருந்தது, அதை யாரும் செலவுக் கணக்கில் எழுதவில்லை. அப்பா ஏழு மாதம் வேலைக்குப் போகவில்லை. அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று, ஒரு சின்ன கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனாள். அப்பா திண்ணையில் படுத்திருந்தார். "இவரை எங்கியாவது ஆஸ்பத்திரியில சேத்துடுங்களேன், புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பயத்துக்கு முப்பத்தைந்து வருடம் முன்பே மெட்ராஸில் பதில் கிடைத்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியாது.

1956-இல் சென்னையில் ஒரு காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு ஆகியவை சேர்ந்து நடத்தியது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முதல் சில ஆண்டுகள் ஆய்வை வழிநடத்தினார். அப்போது நாட்டில் நோயைப் பரப்பும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் படுக்கை என்பது நடக்காத காரியம். அதனால் நேரடியாக ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: படுக்கை உண்மையிலேயே தேவையா?

மெட்ராஸின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரு வருடத்துக்கு. சானடோரியத்தில் காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. வீட்டில் நெரிசல், அரைவயிற்றுச் சாப்பாடு, முடிந்தவர்களுக்கு வேலையும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள்.

முடிவு 1959-இல் வெளிவந்தது. கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவியதுதான் பெரும்பகுதி. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். எங்கள் திண்ணையும் ஒரு ஆஸ்பத்திரிதான் என்று மெட்ராஸின் ஏழைகள் ஏற்கனவே நிரூபித்திருந்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. பிசிஜி தடுப்பூசி பற்றிய மிகப் பெரிய ஆய்வு 1968-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு அங்கிருந்துதான் வந்தது. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. 1999-இல் நோயாளி கண்ணெதிரே மாத்திரை விழுங்கும் 'டாட்ஸ்' முறையைத் திருவள்ளூர் வட்டாரத்தில் கொண்டுவந்து, வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். சில ஆண்டுகளில் நோய் ஏறக்குறையப் பாதியானது. அதற்கடுத்த கணக்கெடுப்பில் மறுபடியும் கொஞ்சம் ஏறியது. மருந்தைப் பாதியில் விட்டவர்களில் ஆண்களும் குடிப்பவர்களும் அதிகம். ஷிப்டு முடிந்து மதுக்கடைப் பக்கம் போகும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதே 1999-இல் சென்னை ஆய்வாளர்கள் நோயாளிக் குடும்பங்களின் செலவைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். பெரிய தொகை இழந்த கூலிதான். பிள்ளைகள் படிப்பை நிறுத்தியதும், வேலைக்குப் போனதும் அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. அவளும் எங்கோ ஒரு அட்டவணையில் ஒரு எண்ணாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இழந்த கூலிக்கும் சட்டத்தில் வழி உண்டு. 1948-இன் இஎஸ்ஐ சட்டம் அதற்காகத்தான் வந்தது. இன்றைய விதிப்படி நோய் விடுப்பில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு வரை 80 விழுக்காடு. ஆனால் அந்த நீட்டிப்புக்கு இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலை காட்ட வேண்டும். காண்டிராக்டர் மாற மாற, தொழிலாளியின் கணக்கு அறுந்துகொண்டே போகிறது. அப்பாவுக்கு அந்தப் பிரச்சினைகூட இல்லை. அவருக்குக் கார்டே போடவில்லை.

அப்பா பிழைத்தார். இருபது வருடம் இருந்தார். அக்கா திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை.

போன வருடம் அம்மாவின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா பையனுக்கு டிபி வந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ மேல். மருந்து தினமும் இலவசம். 2018-இல் தொடங்கிய சத்துணவுப் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். நோய் முற்றியவர்களை முதல் நாளிலேயே கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. இதையெல்லாம் அம்மாவிடம் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மாத்திர சும்மாதான் குடுக்கிறாங்க, தெரியும்டா. நாலு மாசமா வேலைக்குப் போகலியே, வாடகைய எங்கேர்ந்து குடுப்பான்?"

"கேட்டியாம்மா?"

"எதுக்குக் கேக்கணும்? உங்கப்பா படுத்திருந்தப்ப நமக்கும் யாராவது கேக்காம இருந்திருந்தா, உங்கக்கா பத்தாவது எழுதியிருப்பா."