நாமக்கல் லாரிகளின் மைலேஜ்: ஒரு பட்டறை வரலாறு

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ‘மைலேஜ்’ என்பது ஒரு லிட்டர் டீசலுக்கு லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற கணக்கு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களைச் சுற்றி வளர்ந்த லாரித் தொழிலில் லாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கும் எண் இதுவே. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாகும் முன்பே லாரி, பாடி கட்டும் பட்டறை, எரிவாயு டேங்கர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஆகியவற்றுக்கு இப்பகுதி பெயர் பெற்றிருந்தது. காவிரிக் கரையை விட்டு விலகினால் மானாவாரி நிலம்தான். வானத்தை நம்பிய விவசாயக் குடும்பங்கள் பல, ஒன்றிரண்டு வண்டிகளுடன் இத்தொழிலுக்கு வந்தன. முதல் வண்டி பெரும்பாலும் கடனில் வாங்கிய பழைய வண்டியாகவே இருந்தது.

பழைய வண்டியில் மைலேஜ் குறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2,500 லிட்டர் டீசல் போதும். அதுவே 3.5 ஆகக் குறைந்தால் ஏறத்தாழ 2,857 லிட்டர் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் மாதம் 32,000 ரூபாய் கூடுதல் செலவு. கடன் தவணை கட்டும் உரிமையாளருக்கு அந்த அரைக் கிலோமீட்டர்தான் வண்டி தன்னிடம் தங்குமா, நிதி நிறுவனம் எடுத்துச் செல்லுமா என்பதைத் தீர்மானிக்கும்.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவர்லே லாரிகள் இந்தியாவெங்கும் ஏலத்துக்கு வந்தன. அவை பெட்ரோல் வண்டிகள். அவற்றின் எரிபொருள் தாகத்துக்கு அக்காலத்தில் கண்ட மருந்து, எஞ்சினையே கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது. 1937-இல் இங்கிலாந்தில் அறிமுகமான பெர்க்கின்ஸ் பி6 இதற்குப் பெயர் போனது. சென்னை சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் எஞ்சின்களை இங்கேயே தயாரித்தது. 1954-இல் டாடா–மெர்சிடிஸ் லாரிகளும், அதே பத்தாண்டில் எண்ணூரிலிருந்து லேலண்டு காமெட்டும் வந்தபின் கனரக வண்டி என்றாலே டீசல் என்றாகிவிட்டது.

டீசல் எஞ்சின் காற்றை மட்டும் உள்ளிழுத்து மிக அதிகமாக அழுத்துகிறது; அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் கூடுதல் என்பதால் அதே அளவு எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது. ஆனால் தெளிக்கும் அளவும் நேரமும் சிறிது பிசகினாலும் இந்த ஆதாயம் புகையாகப் போய்விடும்.

பம்பும் நாசிலும்

எரிபொருளை அளந்து தள்ளுவது ஆயில் பம்பு, தெளிப்பது நாசில். 1951-இல் தொடங்கப்பட்ட பெங்களூரு மைக்கோ நிறுவனம் இவற்றை இந்தியாவில் தயாரித்தது; இன்று அதன் பெயர் பாஷ். லாரி ஊர்களில் பம்பு வேலை தனித் தொழிலாகப் பிரிந்தது. எஞ்சின் மெக்கானிக் ஒருவர், பம்பை மேசையில் ஏற்றி அளவு பார்ப்பவர் வேறொருவர்.

பம்பில் அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகுக்கு ஈய முத்திரை உண்டு. விவரம் தெரிந்தவர் பழைய வண்டி வாங்கும்போது பெயின்டையும் இருக்கையையும் விட்டுவிட்டு முதலில் இந்த முத்திரையைத்தான் பார்ப்பார். அது உடைந்திருந்தால், இழுவை போதவில்லை என்று யாரோ திருகைத் திருப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் மேட்டில் வண்டி நன்றாக ஏறும், மைலேஜ் இறங்கும்.

அடுத்த சாட்சி புகை. கருப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. பம்பில் கை வைக்கும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதே முறை. எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை வந்தால் டைமிங் பிசகியிருக்கலாம், நாசில் ஒழுகலாம். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்த வண்டியில் அழுத்தமும் நிற்காது.

புகை சுத்தமாக இருந்தும் மைலேஜ் வராவிட்டால் குறை எஞ்சினுக்கு வெளியே இருக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. காற்று குறைந்த டயர், வழுக்கும் கிளட்ச், காற்றில் படபடக்கும் தார்ப்பாய் ஆகியவையும் டீசலைத் தின்னும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்பின் உள்பாகங்களையே தேய்த்துவிடும்.

பழுது தேடும் முன் அளவு சரியாக இருக்க வேண்டும். டேங்கை வாய் வரை நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் மீண்டும் நிரப்பிக் கணக்கிடுவது வழக்கம். மீட்டர் ஓடாத வண்டிகளில் சாலையோரக் கிலோமீட்டர் கல் உதவியது. பாரத்தோடு போனதையும் காலியாகத் திரும்பியதையும் பிரித்து எழுதாத கணக்கால் பயனில்லை.

தொப்பூர் இறக்கம்

மைலேஜ் தேடலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் உள்ள தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தைக் காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் தொடர்ந்து எச்சரித்து வருகின்றன. 2020 டிசம்பரில் இங்கே சிமென்ட் லாரி ஒன்று பல வாகனங்கள் மீது மோதியதில் நான்கு பேர் இறந்தனர். காரணங்கள் எதுவாயினும், கணவாயில் விபத்துகள் நின்றபாடில்லை.

செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் தரும் மிச்சமும் பெரும்பாலும் கற்பனையே. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பம்பின் கவர்னர் டீசலை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். எஞ்சினின் பிடிப்பு போனதால் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழுந்து டிரம் சூடேறிப் பிடிக்காமல் போகும். எஞ்சினையே அணைத்தால் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரும் நின்றுவிடும். டீசலை மைலேஜ் கணக்கில் அளந்து கொடுக்கும் முறையில், மிச்சத்தின் மீது ஓட்டுநருக்கு ஆசையும், பற்றாக்குறையின் மீது அச்சமும் இருப்பதை மறந்துவிட்டு அவரை மட்டும் குறை சொல்வது பாதி நியாயமே.

கணினி வந்த பின்

2013 ஜனவரியில் டீசல் விலை மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏறத் தொடங்கியது. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் முதல் விலை தினமும் மாறியது. அதே 2017 ஏப்ரலில் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. டீசலின் அளவையும் நேரத்தையும் கணினி தீர்மானிக்கும் வண்டிகளில் திருப்புவதற்குத் திருகு இல்லை. பட்டறைகள் ஸ்கேனர் வாங்கின. சென்சார் பிழை எண்களைப் படிக்க இளைஞர்கள் கற்றனர்.

பி.எஸ்.6 லாரியில் கரும்புகை வெளியே தெரிவதில்லை. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி அதை உள்ளேயே நிறுத்தி, அவ்வப்போது கூடுதல் டீசல் செலவழித்து எரிக்கிறது. நாசில் கெட்டால் துகள் சேர்வது கூடும், எரிப்பு அடிக்கடி நடக்கும், மைலேஜ் இறங்கும். ஆனால் கண்ணுக்குப் புகை இல்லை. ஈய முத்திரையைத் தேடிய இடத்தில், பழைய பி.எஸ்.6 வண்டி வாங்குபவர் இன்று அந்த வடிகட்டி எத்தனை முறை எரிக்கப்பட்டது என்பதை ஸ்கேனரில் பார்க்கச் சொல்கிறார்.