பாரிஸில் ஏழு நாள்

1888 செப்டம்பர் 4ஆம் தேதி, பதினெட்டு வயது காந்தி சட்டம் படிக்க பம்பாயில் கப்பலேறினார். மறுநாள் 5ஆம் தேதி திருத்தணியில் ராதாகிருஷ்ணன் பிறந்ததாகப் பதிவேடு சொல்கிறது. இதில் விதியின் விளையாட்டு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஐரோப்பாவை நம்மவர்கள் எதிர்கொண்ட வழிகளில் இரண்டு, ஒரே வாரத்தில் தொடங்குகின்றன. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது வரகனேரிக்காரர் ஒருவருடையது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வைத்துப் பார்ப்பதற்கு வாகான பொருள், உடை.

லண்டனில் காந்தி உடைக்குச் செலவழித்த கணக்கை அவரே சுயசரிதையில் தந்திருக்கிறார். பம்பாயில் தைத்த துணிகள் அந்தச் சமூகத்துக்கு ஏற்றவை அல்ல என்று பட்டது. ஆர்மி அண்ட் நேவி கடையில் புதிதாக வாங்கினார். உயரத் தொப்பி 19 ஷில்லிங். பாண்ட் தெருவில் மாலை உடை 10 பவுன். ஊரிலிருக்கும் அண்ணனுக்கு எழுதி, கடிகாரத்துக்கு இரட்டை வடத் தங்கச் சங்கிலி. நடன வகுப்புக்கு 3 பவுன், வயலினுக்கு 3 பவுன். தினம் பத்து நிமிஷம் பெரிய கண்ணாடி முன் நின்று கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, தலையை வகிடெடுத்தார். இந்த மோகம் மூன்று மாதம்தான் நீடித்தது என்கிறார். ஆனால் உடையில் கண்டிப்பு அதற்குப் பின்னும் பல வருஷம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. 1890ல் அவரை லண்டன் தெருவில் பார்த்த சச்சிதானந்த சின்ஹாவுக்குப் பிற்காலத்திலும் மறக்காமல் இருந்தது அந்தப் பளபளக்கும் பட்டுத் தொப்பிதான்.

இந்த மாணவர்தான் பாரிஸ் சர்வதேசப் பொருட்காட்சிக்குப் போனார். சுயசரிதையில் வருஷம் 1890 என்று இருக்கிறது. பொருட்காட்சி நடந்தது 1889 மே முதல் அக்டோபர் வரை. சைவ உணவு விடுதி ஒன்றில் அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம், ஒரு வரைபடம். பெரும்பாலும் நடந்தே ஊரைப் பார்த்தார்.

அன்றைய பாரிஸ் உலகத்துக்கு மோஸ்தர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. 'மோஸ்தர் வாரம்' என்று முறைப்படி ஏற்பாடாகி நடப்பது 1973 முதல்தான். ஆனால் அதன் வித்து 1858ல் சார்லஸ் ஃப்ரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் அங்கே திறந்த கடையில் இருக்கிறது. உயிருள்ள பெண்களுக்கு ஆடையை உடுத்தி நடக்கவிட்டுக் காட்டியவர் அவர். உடை என்பது உடுத்துகிறவனின் தேவையிலிருந்து பிரிந்து, பார்க்கிறவனின் ஆசையாக மாறியது. தெருவெங்கும் இந்த மோஸ்தரும் கேளிக்கையும் கண்ணில் பட்டதாகவும், நோத்ர தாம் முதலிய பழைய கோயில்கள் மட்டும் அதிலிருந்து விலகி நின்றதாகவும் காந்தி நினைவுகூர்கிறார்.

அவர் எழுதாத ஒன்று உண்டு. அந்தப் பொருட்காட்சியில் காலனி நாடுகளின் மனிதர்களும் காட்சிப் பொருள்கள். ஜாவா கிராமம், ஆப்பிரிக்கக் குடிசைகள், அவற்றுக்குள் சொந்த உடையில் மனிதர்கள். ஜாவாவின் கமெலான் இசையை டெபுஸி கேட்டது அங்கேதான். ஐரோப்பிய இசை அதனால் கொஞ்சம் திசை மாறியது. வேலிக்கு உள்ளே சொந்த உடையில் நின்றவன் காட்சி; வெளியே கோட்டும் தொப்பியுமாக நின்றவன் பார்வையாளன். வேலியின் எந்தப் பக்கம் என்பதை அந்த இடத்தில் உடை தீர்மானித்தது. அந்த 19 ஷில்லிங் தொப்பியை வெறும் இளமைப் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. அது ஒரு நுழைவுச் சீட்டும்தான்.

ஐஃபல் கோபுரத்தைப் பற்றிய பத்தி இன்னும் முக்கியம். டால்ஸ்டாய் அதை மனிதனின் மூடத்தனத்துக்கு எழுப்பிய சின்னம் என்று சாடியதைச் சொல்லி, காந்தி ஆமோதிக்கிறார். அதில் கலை இல்லை. பொம்மைக்கு மயங்கும் குழந்தைகள் நாம் என்பதற்கு அது சாட்சி என்கிறார். அதே இடத்தில், தான் அதன்மேல் இரண்டு மூன்று முறை ஏறியதையும், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே 7 ஷில்லிங்கைத் தொலைத்ததையும் எழுதுகிறார். கண்டனம் வேறு, அனுபவம் வேறு என்று அவர் பிரித்து வைக்கவில்லை. ஏறாமலே கண்டித்திருந்தால் அது டால்ஸ்டாயின் கருத்தாக மட்டும் இருந்திருக்கும்.

வ.வே.சு. ஐயரின் பாரிஸ் வேறு. 1907ல் லண்டன் போய் லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படித்தவர், இந்தியா ஹவுஸ் வட்டத்தில் சேர்ந்து, 1910ல் போலீஸுக்குத் தப்பிப் பாரிஸ் போனார். அங்கிருந்து மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். காந்திக்கு உடை ஓர் அறிவிப்பு. ஐயருக்கு அது ஒளிவிடம். இதே புத்தி அவர் எழுத்திலும் வேலை செய்தது என்பது என் எண்ணம். 1915ல் வந்த 'குளத்தங்கரை அரசமரம்' ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் உருவம். ஆனால் கதை சொல்கிறது ஒரு மரம், அதுவும் நம் குளத்தங்கரையில் நிற்கிற மரம். சிறுகதை என்ற அந்நிய வடிவம் சுங்கச் சாவடியில் யாருக்கும் சந்தேகம் வராத வேஷத்தில் தமிழுக்குள் நுழைந்துவிட்டது.

ராதாகிருஷ்ணன் மாணவராக ஐரோப்பா போகவே இல்லை. வசதி இல்லை. திருத்தணி, திருப்பதி, வேலூர், பிறகு சென்னை கிறிஸ்துவக் கல்லூரி, அவ்வளவுதான். 1926ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனபோது அவர் சொற்பொழிவாளர். தலைப்பாகையும் நீளக் கோட்டும் கடைசிவரை மாறவில்லை. கற்றுக்கொள்ளும் வயதில் பார்க்காத ஊருக்குச் சொல்லிக்கொடுக்கும் வயதில் போனவர். அந்த உடையில் கம்பீரம் உண்டு. சோதனை இல்லை. அவருடைய தத்துவத்திலும் கிழக்கும் மேற்கும் முகம் சுளிக்காமல் கைகுலுக்கிக்கொள்வது இதனால்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி மதுரை. 1921 செப்டம்பரில் தமிழ்நாட்டில் பயணம் செய்த காந்தி, ரயிலில் அந்நியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் கதர் பற்றிப் பேசினார். கதர் வாங்க எங்களுக்குக் கட்டாது என்றார்கள். அவர்கள் சொன்னது விலை சம்பந்தப்பட்ட உண்மை. தன்மேல் இருந்த தொப்பியும் மேல்சட்டையும் முழு வேட்டியும் அந்த உண்மைக்கு முன் பொய்யாகிப்போயின. ராஜாஜி, டாக்டர் ராஜன் முதலியவர்களிடம் யோசனை கேட்டார். இந்த ராஜன் லண்டனில் மருத்துவம் படித்த நாட்களில் ஐயரின் தோழர். உடனிருந்தவர்களில் பலருக்கு மனம் ஒப்பவில்லை. ஜனங்கள் பைத்தியம் என்று நினைத்தால் என்ன செய்வது என்ற கவலை. செப்டம்பர் 22ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டிலிருந்து இடுப்புத் துணியோடு வெளியே வந்தார். முதலில் அக்டோபர் முடியும்வரை என்றுதான் அறிவிப்பு.

லண்டன் மோஸ்தர்க்காரர் செத்து மதுரையில் மகாத்மா பிறந்தார் என்பது பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்குச் சௌகரியமான கதை. எனக்கு இது சரியாகப் படவில்லை. கண்ணாடி முன் பத்து நிமிஷம் நின்ற அதே மாணவர்தான் மதுரையிலும் நிற்கிறார். உடை பிறரோடு பேசும் பேச்சு, ஒரு நூலும் அதில் அர்த்தமில்லாமல் இல்லை என்பது அவர் லண்டனிலும் பாரிஸிலும் சொந்தச் செலவில் படித்த பாடம். மதுரையில் பாஷை மாறவில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பது மாறியது. அன்று கண்ணாடி, இன்று மூன்றாம் வகுப்புப் பெட்டி.

1931 டிசம்பரில், வட்டமேஜை மாநாடு முடிந்து திரும்பும் வழியில், அவர் மறுபடி பாரிஸ் போனார். மாஜிக் சிட்டி என்ற கேளிக்கை மண்டபத்தில் பேசினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பர் மத்தியில்தான் பாரிஸின் பெரிய காலனிப் பொருட்காட்சி மூடியிருந்தது. காலனி மனிதன் சொந்த உடையில் வந்தால் அவன் காட்சிதான் என்று பழகிய ஊர். இவரும் பார்க்கப்பட்டார். ஆனால் வேலி இல்லை. பார்க்கிறவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த மாணவர் சாதித்தது இது.

இதையெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுதக் காரணம் உண்டு. நம் வட்டத்துக்கும் பாரிஸ் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. இருத்தலியல் வந்தது, அமைப்பியல் வந்தது, பின்நவீனத்துவம் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு பருவம். அடுத்த பருவத்தில் பழையதைச் சொல்பவன் பட்டிக்காட்டான். வந்தது தப்பில்லை. ஆனால் நம்மில் பலர் 7 ஷில்லிங் கொடுத்து ஏறாமலே கோபுரத்தைப் புகழ்ந்தார்கள். எதிர்த்தவர்களும் ஏறாமலேதான் எதிர்த்தார்கள். ஐயரைப் போல வடிவத்தை மண்ணில் ஒளித்து வைக்கும் சாமர்த்தியம் சிலருக்கு வாய்த்தது. விலை கொடுத்து உடுத்திப் பார்த்து, யார் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்த பிறகு களைந்தவர்கள் மிகக் குறைவு.

களைவது பெரிய விஷயம் என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. மலைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் மொட்டை போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள். ஆனால் முடி இருப்பவன்தான் காணிக்கை கொடுக்க முடியும்.