ரோஜா நிறத் தவிடு

போன மாதம் என் ரூம்மேட்டுக்கு நெஞ்சில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. மருந்துக்கடையில் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார்கள். பத்து நாளில் முதுகெல்லாம் சின்னச் சின்னத் தடிப்புகள். பயல் நெட்டில் தேடி 'சிபிலிஸ்' என்று படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தோல் டாக்டர் இரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்து, "பிட்டிரியாசிஸ் ரோசியா, தானா போயிடும்" என்று அனுப்பிவிட்டார். டெபிட், கிரெடிட் தவிர ஒன்றும் தெரியாத நான் அந்தப் பெயரைத் தேடப்போய் மாட்டியது இந்தக் கதை.

பிட்டிரோன் என்றால் கிரேக்கத்தில் தவிடு. ரோஜா நிறத்தில், தவிடு மாதிரிச் செதில் உதிர்வதால் அந்தப் பெயர். 1860ல் வைத்தவர் காமில் மெல்கியோர் ஜிபேர். வேலை பார்த்த இடம் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனை. 1607ல் பிளேக் நோயாளிகளுக்காகக் கட்ட ஆரம்பித்து, 1801 முதல் தோல் நோய்களுக்கென்றே ஆன இடம். ஜிபேர் எழுதியது தோல் நோய்கள், சிபிலிஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே டாக்டர் பாடு. கழுத்து, நெஞ்சில் தொடங்கி மெதுவாகத் தொடை வரை இறங்கும், ஆறு வாரம் முதல் இரண்டு மாதத்தில் முடியும் என்று அதில் எழுதிவைத்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? சிபிலிஸின் இரண்டாம் கட்டத் தடிப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதற்கு அன்றைய வைத்தியம் பாதரசம்: பல் ஆடும், எச்சில் ஒழுகும். பாதரசம் கலந்த ஒரு சிரப்புக்கே 'ஜிபேர் சிரப்' என்றுதான் பெயர், இதே மனிதர் பெயர்! இரத்தப் பரிசோதனை (வாசர்மன்) வந்ததோ 1906ல். அதுவரை கண்ணால் பார்த்துத்தான் முடிவு. ஆள் மாறிப்போனால், சும்மா விட்டாலே ஆறியிருக்கும் தோலுக்காக ஒருவன் விஷம் குடிக்க வேண்டியதுதான்.

ஜிபேர் ஒன்றைக் கோட்டைவிட்டார். முதலில் ஒற்றையாக வருகிற பெரிய வட்டம். அதைக் கவனித்து எழுதியவர் அதே ஊர் லூயி ப்ரோக், 1887ல். (ரூம்மேட்டுக்குப் படர்தாமரை களிம்பு வாங்கித் தந்தது அந்த வட்டம்தான்.) காரணம் இன்னும் முழுசாக முடிவாகவில்லை. 1997ல் இத்தாலியில் டிராகோ குழு ஹெர்பிஸ் குடும்பத்து 7ஆம் எண் வைரஸைக் கைகாட்டியது. சின்ன வயதிலேயே பெரும்பாலோருக்கு வந்து உள்ளே தூங்குகிற வைரஸ் அது. கூடவே 6ஆம் எண்ணும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது.

ஒன்று மட்டும்: உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

ரூம்மேட்டுக்கு இது ஆறாவது வாரம். முதுகில் மூன்று தடிப்பு பாக்கி. தினமும் குளித்துவிட்டு வந்து என்னை எண்ணச் சொல்கிறான்.