கிதார் ஒலிப்பதிவும் காலத் திருத்தமும்

சுருதி தாய், லயம் தந்தை என்பது நம் இசையுலகின் வழக்கு. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மில் பலருக்கு இசை பெரும்பாலும் ஒலிப்பதிவின் வாயிலாகவே வந்து சேர்கிறது. அப்பதிவில் லயம் பிசகினால் அதனைத் திருத்துவது எங்ஙனம்? இவ்வினாவின் வரலாற்றை அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பாலின் உழைப்பில் நாம் தெளிவாகக் காணலாம்.

1948-இல் வெளிவந்த ‘லவர்’ என்னும் இசைத்தட்டில் எட்டுக் கிதார்களின் பகுதிகளையும் அவர் ஒருவரே வாசித்தார். ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கச் செய்து, அதனோடு இணைந்து வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் பதிந்தார். இடையில் ஒரு தட்டு பிந்தினும் அதை மட்டும் பெயர்த்தெடுக்க வழியில்லை. அப்பகுதியை முதலிலிருந்து மீண்டும் வாசித்தல் வேண்டும்.

ஜெர்மனியில் 1930-களில் உருவான ஒலிநாடா, காலத்தை அளக்கக்கூடிய நீளமாக மாற்றியது. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில், விநாடியின் பத்தில் ஒரு பங்கு ஒன்றரை அங்குலம். அதனைச் சவர அலகால் வெட்டி ஒட்டலாம். ஆயினும், பல பகுதிகள் கலந்துவிட்ட நாடாவை வெட்டினால் எல்லாமே வெட்டுப்படும். அன்றியும், லெஸ் பால் கையாண்ட நாடா முறையில், புதிய பகுதி பதியும்பொழுதே பழைய பதிவு அழிந்துவிடும். இறுதியில் நேரும் ஒரு பிழை, முன்னைய உழைப்பு அனைத்தையும் விழுங்கிவிடும். 1951-இல் மேரி ஃபோர்டுடன் அவர் வெளியிட்ட ‘ஹௌ ஹை தி மூன்’ இத்தகைய இடரினூடே பிறந்ததே.

1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு எட்டுத்தடப் பதிவுக் கருவியை அளித்தது. பதியும் முனையும் ஒலிக்கும் முனையும் தள்ளித் தள்ளி இருந்தமையால், பழைய தடத்தைக் கேட்டு வாசித்த புதிய பகுதி அவ்விடைவெளியளவு பிந்திப் பதியும். பதியும் முனையைக் கொண்டே பழைய தடங்களைக் கேட்கச் செய்து அக்குறையை நீக்கினர். இனி, பிசகிய தடத்தை மட்டும் மீண்டும் வாசித்தால் போதும்.

1991-இல் ‘புரோ டூல்ஸ்’ வெளிவந்தது. இத்தகைய கணிப்பொறிச் செயலிகள் வளர்ந்த பின், ஒலி திரையில் அலைக்கோடாகத் தெரிகிறது. கிதாரின் ஒரே ஒரு மீட்டலைத் தனியே வெட்டி, தாளக் கட்டத்திற்குள் நகர்த்த இயலுகிறது. வாசித்தவர் மீண்டும் கருவியைத் தொடவும் வேண்டுவதில்லை.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியது உள்ளது. பிந்திய மீட்டல் யாவும் பிழையன்று. தாளத்தின் பின்னே இழையோடுவது சில கலைஞரின் தனி நடை. கட்டத்திற்குள் எல்லாவற்றையும் அடைத்தால், பிழையோடு அந்நடையும் மறையும். பிழை எது, நடை எது என்பதைத் திரையிலுள்ள கோடு சொல்லாது. காதே சொல்ல வேண்டும்.